மழைக்கீரையும் உறைய வேண்டிய ரத்தமும்

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை இறங்கிவிட்டால் போதும், அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்துக் கரிசல் காடுகளில் விதைத்த உளுந்தோடும் குதிரைவாலியோடும் விதைக்காத பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணை எல்லாம் சேர்ந்து முளைத்துவிடும். களையெடுக்கப் போகும் பெண்கள் சாயங்காலம் திரும்பும்போது மடி நிறையக் கீரை இருக்கும். நாலு பல் பூண்டும் மிளகாயும் போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினால் அன்றைக்குச் சோற்றுக்கு வேறு குழம்பு வேண்டாம். கார்த்திகை, மார்கழி முழுக்க இப்படி ஓடும். தை பிறந்ததும் காடு காய ஆரம்பிக்கும். பங்குனி, சித்திரையில் பச்சை என்று கண்ணில் படுவது சீமைக்கருவேலமும் கொல்லையில் நிற்கும் முருங்கையும்தான்.

வைட்டமின் கே பற்றி இந்த மண்ணில் நின்று பேசுகிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. இந்தச் சத்து கீரையில்தான் கொட்டிக் கிடக்கிறது. நல்ல உடம்போடு இருக்கும் பெரியவர்களுக்கு இதன் பற்றாக்குறை வருவது அபூர்வம். வானம் பார்த்த பூமியிலும் அப்படித்தான். ஆனால் பிறந்த குழந்தைக்கும், இதயத்தில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவருக்கும், பித்தநீர் அடைபட்டுக் காமாலை கண்டவருக்கும், எலி மருந்து வயிற்றுக்குள் போனவருக்கும் இதே சத்துதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது. இவர்களுக்கு நம் ஊர்ப்பக்கம் சொல்லப்படும் யோசனைகளில் சில அரைகுறை, சில தவறு. அவற்றைச் சரிபார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கதை கோழிக்குஞ்சுகளில் தொடங்குகிறது. 1929-இல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற உயிர்வேதியியலாளர் கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்தது. எடுத்த ரத்தம் லேசில் உறையவில்லை. வைட்டமின் சி கொடுத்தும் பயனில்லை. பச்சை இலையும் ஈரலும் கொடுத்ததில் சரியானது. இது புதியதொரு சத்து என்று உறுதிசெய்து, 1935-இல் ரத்த உறைவைக் குறிக்கும் ஜெர்மன், டேனிஷ் சொல்லின் முதல் எழுத்தை எடுத்து ‘கே’ என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எட்வர்ட் டாய்சி அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். குதிரைமசாலிலிருந்து பிரித்தது கே1, அழுகிய மீன்தூளிலிருந்து பிரித்தது கே2. முதலாவது இலை செய்வது, இரண்டாவது நுண்ணுயிர் செய்வது. 1943-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

பலன் உடனே தெரிந்தது. பித்தக்குழாய் அடைத்த காமாலைக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் அறுவை செய்தால் அதன்பின் ரத்தம் நிற்காமலே பலர் இறந்தார்கள். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது, கொழுப்பில் கரையும் இந்தச் சத்தும் உடம்பில் ஏறாது. ஊசி வழியாக வைட்டமின் கே கொடுத்த பிறகு அந்தச் சாவுகள் குறைந்தன. இன்றும் காமாலையில் மலம் வெளுத்துப் போகிறது என்றால் பித்தநீர் இறங்கவில்லை என்று பொருள். பச்சிலைக்கு ஓடுவதற்கு முன் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்ப்பது அவசியம்.

உடம்புக்குள் இது செய்யும் வேலை 1974-இல்தான் துலங்கியது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட நான்கைக் கல்லீரல் தயாரிக்கிறது. அவற்றில் உள்ள குளூட்டமிக் அமிலத்தின் மேல் ஒரு கார்பாக்சில் தொகுதியை ஒட்டவைத்தால்தான் அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, காயம்பட்ட இடத்தில் போய் உட்கார முடியும். ஒட்டவைக்கும் நொதிக்கு வைட்டமின் கே துணை. அது இல்லாவிட்டாலும் புரதம் உருவாகும், ரத்தத்தில் மிதக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. ரத்தம் கட்டுமீறி உறையாமல் தடுக்கும் சி, எஸ் என்ற இரண்டு புரதங்களுக்கும் இதே சத்துதான் வேண்டும். எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சினும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் இன்னொரு புரதமும் இதை நம்பியே இருக்கின்றன.

ஏ, டி வைட்டமின்களைக் கல்லீரலும் கொழுப்பும் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். கேவுக்கு உடம்பில் கண்மாய் கிடையாது. அன்றன்று வரும் வாய்க்கால் தண்ணீர்தான். கீரை நின்றுபோனால் கல்லீரலில் உள்ள கே1 சில நாட்களிலேயே பெருமளவு வடிந்துவிடும். அதை ஈடுகட்ட, வேலை முடித்த வைட்டமினை மறுபடி பழைய நிலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒரு சுழற்சியை உடம்பு வைத்திருக்கிறது. இதனால்தான் பெரியவர்களுக்கு மிகச் சொற்ப அளவு போதும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 65 மைக்ரோகிராம், பெண்களுக்கு 55 என்று வைத்தன. அமெரிக்கக் கணக்கு 120, 90. கீரை வகைகளில் பெரும்பாலானவற்றில் நூறு கிராமுக்குச் சில நூறு மைக்ரோகிராம் இருக்கிறது. கொத்தமல்லித் தழையில் ஏறத்தாழ 300. அரிசி, கம்பு, சோளம், பருப்பு ஆகியவற்றில் மிகக் குறைவு. விருதுநகர்ச் சந்தைக்குப் பேர்போன எண்ணெய்களிலும் இது சொற்பம்தான்: நல்லெண்ணெயில் நூறு கிராமுக்குச் சுமார் 14, கடலை எண்ணெயில் ஒன்றுகூடத் தேறாது, சோயா எண்ணெயில் 180-ஐத் தாண்டும். நம் எண்ணெய்க்கு வேறொரு பங்கு இருக்கிறது. இலையின் பச்சையத்தோடு ஒட்டிக் கிடக்கும் கே1-ஐக் குடல் எளிதில் உறிஞ்சாது. கூடவே கொழுப்பு இருந்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடும். கடைந்த கீரைக்கு எண்ணெய் ஊற்றித் தாளிக்கும் கைப்பக்குவம் இந்த இடத்தில் உடம்புக்கு உதவுகிறது.

பிறந்த குழந்தை விஷயத்தில் கீரை உதவாது. தாய் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும் நஞ்சுக்கொடி வழியாக வைட்டமின் கே மிகக் குறைவாகவே கடக்கும். தாய்ப்பாலில் லிட்டருக்குச் சுமார் 1 முதல் 4 மைக்ரோகிராம்தான். சீம்பாலில் சற்றுக் கூடுதல். அதனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவதும் சேனை தொட்டு வைப்பதும் கூடாது. ஆனாலும் அது மட்டும் போதுமானதல்ல. குழந்தையின் குடலில் கே2 செய்யும் நுண்ணுயிர்களும் அப்போது இல்லை. இந்தக் குறைவால் ரத்தம் கசியும் நோயை 1894-இல் பாஸ்டனில் சார்லஸ் டவுன்சென்ட் ஐம்பது குழந்தைகளில் பார்த்து எழுதினார். முதல் நாளிலேயே வரும் வகை, வலிப்புக்கும் காசநோய்க்கும் மருந்து சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது. இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் தொப்புளிலும் மலத்திலும் ரத்தம் காட்டும் வகை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பயப்பட வேண்டியது மூன்றாவது வகைக்கு. பிறந்து இரண்டு வாரத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டும் குடித்து நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வெளுத்து, பால் குடிக்காமல், வீறிட்டு அழுது, வலிப்பு காணும். உச்சிக்குழி புடைத்திருக்கும். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரத்தம் கசிவது மூளையில். பிழைத்தாலும் வளர்ச்சி குன்றும். முந்தின வாரம் தடுப்பூசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொண்டு இறங்காமல் இருந்ததும், காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்ந்ததும் இதற்கு முன்னறிவிப்பு. வீட்டில் அதைத் தோஷம் என்றோ தூக்கியவர் கை அழுத்தியது என்றோ நினைத்துத் திருநீறு போட்டுவிட்டுக் காத்திருந்தால் நேரம் போய்விடும். ஊசி போடாத நாடுகளில் லட்சம் குழந்தைகளுக்கு நான்கு முதல் ஏழு பேருக்கு இப்படி வந்ததாக ஐரோப்பியக் கணக்குகள் சொல்கின்றன. தாய்லாந்தில் அதைவிடப் பல மடங்கு அதிகம் இருந்தது.

தடுப்பதற்கு வேண்டியது தொடையில் ஒரே ஓர் ஊசி. இந்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எல்லாக் குழந்தைக்கும் 1 மில்லிகிராம், அதற்குக் கீழே என்றால் அரை மில்லிகிராம், பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இதுவே விதி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடக்கிறது. ஆகவே இந்த ஊசி ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டக்கூடியது. இதைப் போட்டால் ரத்தப் புற்று வரும் என்று ஒரு பயமும் உலவுகிறது. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செய்த சிறிய ஆய்வில் கிளம்பிய சந்தேகம் அது. ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்ததில் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. இயற்கைப் பிரசவம் என்ற பெயரில் ஊசியே வேண்டாம் என்று பரப்புகிறவர்கள் பேச்சைக் கேட்டுக் குழந்தையைப் பணயம் வைக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் சீட்டில் ‘வைட்டமின் கே ஊசி போடப்பட்டது’ என்ற வரி இருக்கிறதா என்று பாட்டிமார் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது வால்வு. சின்ன வயதில் தொண்டை வலியோடு வரும் ஒருவகைக் கிருமி, சரியாக வைத்தியம் பார்க்காவிட்டால் மூட்டுக்காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். பணக்கார நாடுகளில் ஏறக்குறைய மறைந்துபோன இந்த நோய், நெருக்கமான வீடுகளிலும் குறைந்த கூலியிலும் வாழும் நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. கெட்டுப்போன வால்வை மாற்ற வெளிநாட்டு வால்வையே நம்பியிருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிறகு கூலி வேலை செய்கிறவர்களுக்கும் இதய அறுவை கைக்கெட்டியது. வால்வு உலோகம் என்றால் அதன்மேல் ரத்தம் உறையும். உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிட வேண்டும்.

வைட்டமின் கேயின் சுழற்சியை நிறுத்துவதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. இவற்றின் மூலமும் ஒரு வறண்ட நிலத்துக் கதைதான். 1920-களில் வட அமெரிக்காவின் புல்வெளிப் பகுதிகளில், பூசணம் பிடித்த தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் கொம்பு சீவினாலே ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் அந்தப் புல்லிலிருந்த வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது கொடுத்ததும் இதைத்தான்.

வால்வு போட்டவர்கள் வீட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒரு பக்கம் தேதி, பக்கத்தில் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு, அதற்கும் பக்கத்தில் ‘திங்கள் 2, செவ்வாய் 3’ என்று மாத்திரைக் கணக்கு. இதயத்தின் இடப்பக்கத்து இரு அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு உலோகம் என்றால் அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வு அடைக்கும் அல்லது பக்கவாதம் வரும். கூடினால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தம் கசியும். மாத்திரையை வேலை செய்ய விடாமல் எதிர்த்து நிற்கும் சரக்கு கீரையில் இருப்பதால், “கீரையே தொடாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிதாகிவிட்டது. இந்த யோசனை தவறு. 2000-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் பார்த்தபோது, ஐ.என்.ஆர். ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறவர்கள் நிலையாக நிற்பவர்களைவிட உணவில் குறைவான வைட்டமின் கே எடுப்பவர்களாக இருந்தார்கள். அப்படி ஆடுகிறவர்களுக்கு நாளும் 150 மைக்ரோகிராம் கொடுத்தபோது பலருக்கு ஆட்டம் குறைந்தது. பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் சிறிதாகவே தெரிந்தது. எனினும் காரணம் புரிகிறது: உடம்பில் இருப்பே இல்லாதவருக்கு, விருந்தில் ஒருநாள் சாப்பிடும் கீரை பெரிய அதிர்ச்சி. தினமும் கொஞ்சம் சாப்பிடுகிறவருக்கு அது பொருட்டே இல்லை.

இங்கேதான் மானாவாரி நிலத்தின் தனிச் சிக்கல் வருகிறது. பட்டணத்துக்காரருக்கு வருஷம் முழுக்கச் சந்தையில் ஒரே அளவு கீரை. நம் பக்கம் கார்த்திகையில் மூன்று வேளையும் கீரை, சித்திரையில் மாதம் ஒருநாளும் இல்லை. கோடையில் சரிபார்த்துக் கொடுத்த மாத்திரை அளவு மழைக்காலத்தில் போதாமல் போகலாம். மழைக்காலத்து அளவு கோடையில் மிஞ்சலாம். ஆகவே கீரையைத் தள்ளிவைக்கச் சொல்வதைவிட, முருங்கையையும் கறிவேப்பிலையையும் வைத்து வருஷம் முழுக்கச் சிறிய, சமமான பங்கைத் தட்டில் வைக்கச் சொல்வது நல்லது. வாரம் மூன்று நாள் ஒரு கரண்டி முருங்கைக்கீரைப் பொரியல் என்று வைத்துக்கொண்டு, அதைக் கூட்டாமல் குறைக்காமல் இருந்தால், அதற்குத் தக்கபடி மருத்துவர் மாத்திரையைத் திருத்திக்கொள்ள முடியும். முதல் மழை விழுந்து காட்டுக்கீரை வீட்டுக்கு வரத் தொடங்கும்போதும், பங்குனியில் அது நின்றுபோகும்போதும் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் ஒருதரம் ஐ.என்.ஆர். பார்ப்பது இந்தப் பகுதிக்குப் பொருத்தமான விதி என்பது என் கருத்து.

கீரையைவிட ஆபத்தானவை மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகள். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். மூட்டுவலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி அங்கே கசியவைக்கும். இன்னொன்றை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வால்வு போட்ட இளம்பெண் கருத்தரித்த ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் இந்த மாத்திரை சிசுவின் மூக்கெலும்பையும் குருத்தெலும்பையும் கெடுக்கக்கூடும். வைட்டமின் கேயை நம்பியிருக்கும் எலும்புப் புரதங்கள் சிசுவிலும் முடங்குவதே காரணம். மாத்திரையைத் தானாக நிறுத்தினாலோ தாயின் வால்வு அடைத்துவிடும். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் பேச வேண்டிய விஷயம் இது. புதிதாக வந்த, பரிசோதனை தேவைப்படாத மாத்திரைகளுக்கு மாறிவிடலாமே என்று கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றான டாபிகட்ரானை உலோக வால்வில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. உறைவும் கூடியது, கசிவும் கூடியது. மூட்டுக்காய்ச்சலால் வால்வு கெட்டு இதயத்துடிப்பும் ஒழுங்கிழந்தவர்களில், இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் சாவு குறைவாக இருந்தது. ஆகவே இந்த ஏழைகளுக்கு ஐ.என்.ஆர். நோட்டு இன்னும் நெடுநாள் கூடவே வரும்.

எலி மருந்து பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் வைட்டமின் கே பற்றி எழுத முடியாது. வரப்பெலிக்கு வைக்கும் கட்டிகளில் வார்ஃபரினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள புரோமடையலோன் போன்றவை இருக்கும். குழந்தை எடுத்து வாயில் போட்டாலும், பெரியவர்கள் மனமுடைந்து தின்றாலும் முதல் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் ஏற்கெனவே தயாராயிருக்கும் உறைபுரதங்கள் தீரும்வரை உடம்பு தாக்குப்பிடிக்கும். அதன்பிறகே பல் ஈறில், சிறுநீரில் ரத்தம் வரும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடக் கூடாது. நாள்தள்ளிப் பரிசோதித்து, தேவைப்பட்டால் கே1 மாத்திரையை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை வேறு ரகம்: அது கல்லீரலையே அழிக்கும், தொழிற்சாலையே சிதைந்தபின் வைட்டமின் கே கொடுத்தாலும் உறைபுரதம் உருவாகாது. தமிழ்நாடு அரசு அந்தப் பசையைத் தடை செய்தது சரியான முடிவு. எது தின்றார் என்று தெரிந்தால்தான் வைத்தியம் தெரியும் என்பதால், உறையையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போக வேண்டும். மனம் தாளாதவர்கள் பேசுவதற்கு 104 என்ற எண் இருக்கிறது.

எலும்பு, ரத்தக்குழாய் பற்றிய வாக்குறுதிகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஜப்பானில் 1995 முதல் எலும்புத் தேய்வுக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் கே2 கொடுக்கிறார்கள். எலும்பு முறிவு குறைவதாகச் சொன்ன 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் சேர்ந்திருந்த யோஷிஹிரோ சாத்தோவின் ஆய்வுகள் நம்பகமற்றவை என்று பின்னர் விலக்கப்பட்டன, முடிவும் வலுவிழந்தது. டொரன்டோவில் மாதவிடாய் நின்ற 440 பெண்களுக்கு நாளும் 5 மில்லிகிராம் கே1 கொடுத்துப் பார்த்ததில் எலும்பின் அடர்த்தி கூடவில்லை. டென்மார்க்கில் 365 ஆண்களுக்கு இரண்டு வருஷம் கே2 கொடுத்தும் இதய வால்வில் சுண்ணாம்பு படிவது குறையவில்லை என்று 2022-இல் தெரிந்தது. அருப்புக்கோட்டைத் தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்த அம்மாவுக்குக் கே2 மாத்திரை வாங்கும் காசில் கேழ்வரகும் நெத்திலிக் கருவாடும் முட்டையும் வாங்கிக் கொடுப்பது பயனுள்ளது. அசிட்ரோம் சாப்பிடுகிறவர் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

இந்தக் கரிசல் காட்டுக்கு இப்போது வேண்டியது மூன்று. பிரசவ அறையில் கே1 ஊசி தீராமல் இருப்பது. தாலுகா மருத்துவமனைகளில் மிதமிஞ்சி ரத்தம் கசிந்து வருகிறவருக்குக் கொடுக்கப் பிளாஸ்மாவும் கே1-உம் கையில் இருப்பது. வால்வு போட்டவர்கள் ஐ.என்.ஆர். பார்ப்பதற்காக மதுரைக்கோ விருதுநகருக்கோ பஸ் ஏறி ஒருநாள் கூலியை இழக்காமல் இருக்க, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிஷத்தில் அளவு சொல்லும் கருவி ஒன்று ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அதைக் கொண்டுவருகிறவர் பையில் இந்தக் கருவியும் வந்தால், பந்தல்குடியிலும் நரிக்குடியிலும் இருக்கும் வால்வு நோயாளிகள் மழை தொடங்கும் மாதத்திலும் காடு காயும் மாதத்திலும் தவறாமல் தங்கள் அளவைப் பார்த்துக்கொள்வார்கள்.